சட்டையில் பெயர் வேண்டுமா?

விளையாட்டு வீரரின் சட்டையில் அவர் பெயர் பொறிக்கப்பட வேண்டுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

முதலில் வந்தது இலக்கமே. 1928 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆர்சனல், செல்சி ஆகிய உதைபந்தாட்டக் கழகங்கள் இலக்கமிட்ட சட்டைகளுடன் ஆடின. 1960 இல் அமெரிக்காவின் சிக்காகோ வைட் சொக்ஸ் பேஸ்போல் அணி வீரர்களின் பெயர்களையும் பொறித்தது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 1993 இல் இவ்வழக்கத்தை ஏற்றது. டெஸ்ட் துடுப்பாட்டத்தின் வெள்ளுடையில் பெயர் இடம்பெற்றது 2019 இலேயே.

பெயர் இருந்தால் பார்வையாளர் வீரரை உடனே அறிவர். ஆயின், தனியொருவர் புகழ் அணியை மறைத்துவிடும் என்போரும் உளர். நியூ யோர்க் யாங்கீஸ் அணியின் வழமையான சட்டையில் இன்றும் இலக்கம் மட்டுமே உண்டு.

எனினும் பெயர் பொறிப்பதே நன்று. சட்டையில் பெரும்பாலும் குடும்பப் பெயரே எழுதப்படும். தமிழருள் பலருக்கு அவ்விடத்தில் நிற்பது தந்தையின் பெயர். ஆகவே, பிள்ளை பந்தை வலைக்குள் செலுத்தும்போது அரங்கில் ஒலிப்பது தந்தையின் பெயராகும். நீளமானது என்று அதனை வெட்டிச் சுருக்க இடங்கொடுத்தல் ஆகாது. மாணவர்களே, பயிற்றுநர் உங்கள் பெயரைக் கேட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், உச்சரிக்கவும் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, அச்சிடுமுன் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

பயிற்சி
1. இலக்கம், பெயர் ஆகியவற்றின் பயன்கள் யாவை?
2. உங்கள் சட்டையில் எப்பெயரை எழுதுவீர்கள்? காரணம் தருக.