கடைசி வண்டியும் கால்பந்தும்

கால்பந்து அணியில் பதினோரு பேர் ஆடுவார்கள் என்பதை நாம் யாவரும் அறிவோம். அந்தப் பதினோரு பேர் வேற்றூருக்கு ஆடச் செல்லும்போது, அவர்கள் பின்னாலேயே பொதுப் பெட்டியிலும் பேருந்திலும் ஏறிச் செல்லும் ரசிகர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இதில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். புவியியல், வரலாறு, கணக்கு ஆகிய மூன்றும் இருக்கின்றன என்பதே என் விடை.

முதலில் ஒரு சிறு விளக்கம். லீக் போட்டியில் ஒவ்வோர் அணியும் மற்ற அணியுடன் இருமுறை மோதும். ஒருமுறை தன் ஊரில், மறுமுறை எதிரணியின் ஊரில். தன் ஊரில் ஆடும்போது அரங்கம் முழுவதும் தன்னவர்களே இருப்பர். வெளியூரில் ஆடும்போதோ பல்லாயிரம் பேர் எதிரணிக்காகக் கூவுவர். தன் அணிக்காகக் கூவ ஒரு மூலையில் ஐம்பது பேர் வந்திருந்தால் அதுவே பெரிது. அந்த ஐம்பது பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள், எப்படி வீடு திரும்புவார்கள் என்பதைத்தான் இங்கே ஆராயப் போகிறேன்.

நம் திருப்பூருக்கென்று தேசிய லீகில் ஆடும் அணி எதுவும் இருந்ததில்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டு தனி மாவட்டம் ஆகும் வரை நாம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம். ஆகையால் 2017-18 பருவத்தில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் தன் ஆட்டங்களைக் கோவை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றியபோது, பெயரில் சென்னை இருந்தாலும், அதை நம் அணியாகவே பலர் ஏற்றுக்கொண்டனர். அடுத்த பருவத்திலேயே அந்த அணி ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டிலிருந்து அக்கோப்பையை வென்ற முதல் அணி அதுவே. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி என்ற வீரர் மட்டும் 21 கோல்கள் அடித்தார்.

இறுதி நாளான 2019 மார்ச் 9-ஐ மறக்க முடியாது. கோவையில் நம் அணி மினர்வா பஞ்சாபுடன் ஆடியது. அதே மாலையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அணி கோகுலம் கேரளாவுடன் ஆடியது. கொல்கத்தா அணி வென்று, நம் அணி வெல்லாமற் போனால் கோப்பை கொல்கத்தாவுக்குச் சென்றுவிடும். தொடக்கத்திலேயே நம் வலைக்குள் ஒரு கோல் விழுந்தது. இரண்டாம் பாதியில் மான்சி ஒன்றும் கௌரவ் போரா இரண்டும் அடிக்க, 3-1 என்று வென்றோம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது. நமக்கு 43 புள்ளிகள், அவர்களுக்கு 42. அவ்வளவுதான் வேறுபாடு!

இனிப் பயணத்துக்கு வருவோம். திருப்பூரிலிருந்து கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆகவே திருப்பூர்க்காரருக்கு உள்ளூர் ஆட்டமே வெளியூர் ஆட்டம்தான். எங்கள் சித்தப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். அவரும் நண்பர்களும் குமரன் நினைவகத்துக்கு அருகிலுள்ள நம் நிலையத்தில் ஏறி, கோவை சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து அரங்கத்துக்கு நடந்தே போவார்கள். ரயில் தவறினால் பேருந்து இருக்கிறது. ஆட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கும்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாதிக்கு 45 நிமிடம் வீதம் 90 நிமிடம். இடைவேளை 15. காயம், ஆள் மாற்றம் முதலியவற்றுக்காக நடுவர் சேர்ப்பது சுமார் 8 நிமிடம். மொத்தம் 113 நிமிடம். ஐந்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் 6.53-க்கு முடியும். எட்டு மணிக்குள் வண்டியோ பேருந்தோ பிடித்துவிடலாம். ஒன்பதரைக்குள் வீட்டில் சாப்பாடு. அதே ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கினால் 9.23-க்கு முடியும். அதன் பிறகு கூட்டம் கலைந்து, நிலையம் சேர்ந்து, வண்டிக்குக் காத்திருந்து வீடு வரும்போது நள்ளிரவு ஆகிவிடும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு வசதியாக நேரத்தை இரவுக்குத் தள்ளும்போது, அரங்கத்துக்கு வருபவரின் கடைசி வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையான வெளியூர் ஆட்டம் என்றால் நமக்குக் கோழிக்கோடுதான். 2018-19 பருவத்தில் பதினோரு அணிகள் இருந்தன. ஆகவே வெளியூர் ஆட்டங்கள் பத்து. ஸ்ரீநகர், ஐசால், இம்பால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா என்று அவை நாடெங்கும் பரந்து கிடந்தன. அவற்றுள் காலையில் கிளம்பி நண்பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் கோழிக்கோடு ஒன்றே. கோவையிலிருந்து ஏறத்தாழ 185 கிலோமீட்டர். நாட்டுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னுடன் வாருங்கள். வாளையாறு தாண்டியதும் இருபுறமும் மலை விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய். ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி இல்லையேல் இந்தப் பாதையே இல்லை. பாலக்காடு, ஒற்றப்பாலம், ஷொறனூர். ஷொறனூரில் பாதை பிரியும். தெற்கே சென்றால் கொச்சி, வடமேற்கே சென்றால் குற்றிப்புறம், திரூர், பறப்பனங்காடி, பறோக் வழியாகக் கோழிக்கோடு.

இப்பாதைக்கு வயது அதிகம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை 1862-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1888-இல்தான் அது கோழிக்கோடு வரை நீண்டது. வணிகச் சரக்கை மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தோடு இணைத்த அதே பாதையில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம் ஊர் ஆட்கள் கொடியும் தாரை தப்பட்டையுமாகப் போயிருக்கிறார்கள். (தப்பட்டையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், சீட்டுக்கு அடியில் வைத்தால் மிதித்துவிடுவார்கள் என்பது சித்தப்பாவின் அனுபவ மொழி.)

போவது எளிது. கோவையிலிருந்து மங்களூருக்கு விடியற்காலையில் இன்டர்சிட்டி வண்டி இருக்கிறது. முற்பகலிலேயே கோழிக்கோட்டில் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து இ.எம்.எஸ். விளையாட்டரங்கமும் தொலைவில் இல்லை. 1977-இல் திறக்கப்பட்ட அரங்கம் அது. கோழிக்கோட்டார் கால்பந்துப் பித்தர்கள். சேட் நாக்ஜி கோப்பைப் போட்டியை 1952-இலேயே தொடங்கியவர்கள். வேற்றூரிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் சண்டைக்கு வருவார்களோ என்று அஞ்சியே சித்தப்பா முதன்முறை சென்றாராம். அவர்களோ தேநீர் வாங்கிக் கொடுத்து, “உங்கள் மான்சியை எங்களுக்குத் தந்துவிடுங்கள்” என்று கேலி செய்திருக்கிறார்கள்.

திரும்புவதில்தான் சிக்கல். அந்த இன்டர்சிட்டி திரும்பி வரும்போது பிற்பகலிலேயே கோழிக்கோட்டைக் கடந்துவிடும். அதாவது நடுவர் ஊதல் ஊதுவதற்கு முன்பே நம் வண்டி போய்விடும். மாலை ஆட்டம் பார்த்தவர்கள் இரவு வண்டியின் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டோ, மாறி மாறிப் பேருந்து ஏறியோதான் வர வேண்டும். விடியற்காலையில் திருப்பூரில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு எட்டரை மணி ஷிப்டுக்குப் போனவர்கள் உண்டு. நம் ஊர் நிலைமை நமக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஆட்டம் வார நாளில் வைக்கப்பட்டால் ஒரு நாள் ஷிப்டு போயிற்று. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அன்றைய கூலி முழுவதும் போயிற்று. பயணச்சீட்டு விலையை மட்டும் வைத்து ஒரு வெளியூர் ஆட்டத்தின் செலவைக் கணக்கிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ரசிகர்கள் அணியும் ஜெர்சியைத் தைக்கும் கைக்கே ஆட்டம் பார்க்க விடுப்பு இல்லை என்பது வேடிக்கையல்லவா?

ரயில்வே மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றில் ஓர் அருமையான சான்று உண்டு. 1911 ஜூலை 29-ஆம் நாள் கொல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. அன்று கிழக்கிந்திய ரயில்வே தனி ரயில் விட்டது. ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும்கூட மக்கள் வந்து குவிந்தனர். மைதானத்தைக் காண இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்களுக்குக் கோல் கணக்கை எழுதிப் பட்டம் பறக்க விட்டார்களாம்! ஆங்கிலேயர் ஆட்சியில், ஆங்கிலேயர் தோற்கப்போகும் ஆட்டத்துக்கு ஆங்கிலேயரின் ரயில்வேயே ஆள் ஏற்றி வந்து இறக்கியது. இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நம் காலத்திலும் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. கொச்சியில் கலூர் நேரு அரங்கத்துக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் நாட்களில் இரவு 11.30 வரை வண்டி ஓட்டுவதாக 2022-இல் மெட்ரோ நிறுவனம் அறிவித்தது. செய்தியாகப் பார்த்தால் இரண்டு வரிதான். ஆனால் அந்த நேர நீட்டிப்பால் எத்தனை பெண்கள் அரங்கத்துக்கு வர முடிந்திருக்கும்!

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரான் நாட்டில் பல பத்தாண்டுகள் பெண்கள் ஆண்களின் கால்பந்து ஆட்டத்தைக் காண அரங்கத்துக்குள் விடப்படவில்லை. 2019 அக்டோபர் 10-ஆம் நாள் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு டெஹ்ரான் ஆசாதி அரங்கத்தில் சுமார் 3,500 பெண்கள் பயணச்சீட்டுப் போல நுழைவுச்சீட்டு வாங்கி, தமக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்ந்து பார்த்தனர். ஈரான் 14-0 என்று வென்றது. நம் நாட்டில் அப்படி ஒரு தடையும் கிடையாது. வாயிற்காவலர் யாரும் “நீ பெண், உள்ளே வராதே” என்று சொல்வதில்லை. ஆனால் கோழிக்கோடு போக நான் கேட்டபோது எங்கள் அம்மிச்சி சொன்னது இதுதான்: “பகல்ல போயிட்டுப் பகல்ல வர்றதுன்னா போ கண்ணு. ராத்திரி ரயில்ல பொட்டப்புள்ளைக்கு என்ன வேலை?” அம்மிச்சியை நான் குறை சொல்லவில்லை. நெரிசலான பொதுப் பெட்டியில் இரவெல்லாம் நின்று வருவதை அவர் நன்றாக அறிந்தவர். அம்மிச்சி தடுத்தது கால்பந்தை அன்று, இரவு வண்டியை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் அக்காமார் எத்தனை பேருக்கு அது உதவியது என்று பார்த்தோம். ஆனால் கட்டணம் குறைவதும் கடைசி வண்டி தள்ளிப் போவதும் வேறு வேறு உதவிகள்.

தொலைவான ஊர்களைப் பற்றிச் சுருக்கமாக. சென்னை சிட்டி ஐசாலில் ஆடிய காலத்தில் அந்நகருக்கு ரயிலே இல்லை. பைராபி-சாய்ராங் பாதை 2025 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. ஸ்ரீநகருக்கு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ரயில் தொடர்பு முழுமையானதும் 2025 ஜூனில்தான். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகவே செல்கிறது. அதில் வந்திறங்கி நம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடகிழக்கு அண்ணன்மாரும் அக்காமாரும் நம்மைவிடக் கால்பந்து அறிந்தவர்கள். ஐசால் அணி கோவைக்கு ஆட வந்தபோது, நாம் உள்ளூர் ரசிகர் என்றால் அவர்களை யார் என்று சொல்வது? அரை மணி தூரத்து அறையிலிருந்து வந்தாலும் வெளியூர் ரசிகர்கள் அவர்களே.

கோவையின் கதை நீளவில்லை. 2020-21 பருவம் கொரோனாவால் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே, ரசிகர்கள் இன்றி நடைபெற்றது. அடுத்த பருவத்து ஐ-லீகில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. சித்தப்பாவின் ஜெர்சி அலமாரியில் இருக்கிறது. கோழிக்கோட்டாரிடம் மட்டும் அவருக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை. கோகுலம் 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இருமுறை கோப்பையை வென்றது.

ஆனால் பெண்கள் கால்பந்தில் நமக்கு ஓர் அணி இருக்கிறது. மதுரை சேது கால்பந்துக் கழகம் 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீகின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. அப்போது எல்லா ஆட்டங்களும் ஒரே ஊரில் நடந்ததால் பின்தொடர்ந்து செல்லும் பேச்சே எழவில்லை. 2023-24-இல் மகளிர் லீகும் உள்ளூர், வெளியூர் முறைக்கு வந்தது. ஆட்டங்கள் பல பிற்பகல் 3.30-க்கே தொடங்குகின்றன. நம் கணக்குப்படி அவை 5.23-க்கு முடிந்துவிடும். சேது அணி எப்போது கோழிக்கோட்டுக்கு ஆடச் செல்கிறது, அன்று மாலை அங்கிருந்து நம் ஊர்ப்பக்கம் எந்த வண்டி என்று நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் கால அட்டவணையில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறோம். அம்மிச்சியிடம் இன்னும் காட்டவில்லை.