பூனை படுக்கும் இடமும் தொழும் பாயும்

நமக்கு வரும் மஸ்அலாக் கடிதங்களில் பெரும்பாலானவை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அண்மையில் வந்த ஒன்று நான்கு பக்கம். எழுதியவர் ஒரு குடும்பத்தின் ஒரே மகன். நான்கு பக்கத்திலும் பேச்சு ஒரு பூனையைப் பற்றியது. முதல் பக்கத்தைப் படித்தபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் பக்கத்தில், தம் அம்மாவும் மனைவியும் பதினெட்டு நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி, “உம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன்” என்று பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். அதன்பின் சிரிப்பு வரவில்லை.

செய்தி இதுதான். அம்மா ஹனபி மத்ஹபைச் சேர்ந்தவர், உள்நாட்டு ஊர்க்காரர். மருமகள் கடலோர ஊரைச் சேர்ந்த ஷாபிஈ. அம்மாவுடைய கணவர் மவுத்தானபின் எட்டு ஆண்டுகளாக ஒரு பூனை அவருடைய கால்மாட்டில் படுத்து வருகிறது. பழைய வீட்டில் முற்றமும் கொல்லையும் இருந்தன. இரவில் பூனை எழுந்து கதவைப் பிறாண்டினால் அம்மா திறந்துவிடுவார். அது கொல்லை மண்ணில் குழி பறித்து, வேலையை முடித்து, மூடிவிட்டுத் திரும்பி வரும். எட்டு ஆண்டும் ஒரு சச்சரவு இல்லை. இப்போது அவர்கள் குடியிருப்பது இரண்டாம் மாடி. கொல்லை இல்லை, மண் இல்லை. பூனைக்கு இது தெரியுமா? ஒருநாள் இரவு அம்மா தொழும் கோரைப்பாயின் மூலையில் சிறுநீர் கழித்துவிட்டது. அம்மா பாயை மொட்டை மாடியில் நாள் முழுதும் வெயிலில் காயப்போட்டு, அதிலேயே மஃரிபு தொழுதார்.

“மாமி, அந்தப் பாயில் தொழுதால் தொழுகை கூடாது” என்றார் மருமகள். “எங்கள் மத்ஹபில் காய்ந்தால் சுத்தம், புள்ளே” என்றார் அம்மா. அன்றிரவே மருமகள் பூனையைப் படிக்கட்டில் விட்டுக் கதவைத் தாழிட்டார். விடிய விடியக் கத்தியது. காலையில் பக்கத்து வீட்டார் தங்கள் வாசற்படியில் அது செய்து வைத்திருந்ததைக் காட்டினார்கள்.

இருவரும் மார்க்கத்தின் பெயரால்தான் சண்டையிடுகிறார்கள். ஆகையால் மார்க்கம் சொல்வதை முதலில் பார்ப்போம்.

பூனையைப் பற்றிய அடிப்படை ஹதீது ஒரு மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையில் நடந்த நிகழ்ச்சியிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கிறது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா அவர்கள், அபூகதாதா (ரலி) அவர்களின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். மாமனார் ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை வந்து அதைக் குடிக்க முனைந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, ‘என் சகோதரர் மகளே’ என்று அன்போடு அழைத்து, பூனை நஜீஸ் அன்று, அது உங்களைச் சுற்றி வருபவர்களைச் சேர்ந்தது என நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தாவிலும் அபூதாவூது, திர்மிதீ, நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களிலும் இது பதிவாகியிருக்கிறது.

இதைக் கொண்டு, பூனையின் உடல் சுத்தமானது, அது வாய் வைத்த தண்ணீரும் சுத்தமானது என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ், அதாவது தவிர்ப்பது நல்லது என்ற அளவில் நிற்பது. ஆக, ‘பூனை வீட்டுக்குள் படுத்தாலே வீடு நஜீஸ்’ என்று மருமகள் சொன்னதாகக் கடிதத்தில் இருப்பது அவருடைய சொந்த மத்ஹபிலும் இல்லாத சட்டம்.

அவருக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். உயிரோடிருக்கும் பூனையிலிருந்து உதிர்ந்த முடி ஷாபிஈகளிடம் நஜீஸ்தான். ஆயினும் இரண்டொரு முடி மன்னிக்கப்பட்டது. அதனோடே புழங்கித் தவிர்க்க இயலாதவர்களுக்கு இன்னும் தாராளம் உண்டு. ஹனபிகளிடம் அந்த முடி சுத்தம். எனவே அம்மாவின் முந்தானையில் முடி ஒட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டி அவருடைய தொழுகையைக் குறை கூற மருமகளுக்கு வழியில்லை. தம் தொழுகை உடையையும் முஸல்லாவையும் பூனை ஏறாத பெட்டியில் வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு.

இனி, அம்மாவின் பக்கம். பூனையின் சிறுநீரும் மலமும் இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். இதில் கருத்து வேறுபாடு தேடிப் பயனில்லை. பூனை சுத்தம் என்ற ஹதீதை அதன் கழிவுக்கும் நீட்டிக்கொள்வது பூனையை நேசிப்பவர்கள் சறுக்குகிற இடம். ‘காய்ந்தால் சுத்தம்’ என்று அம்மா சொன்னது ஹனபி மத்ஹபில் உள்ள சட்டமே. ஆனால் அது தரைக்கும் தரையோடு பதிந்து நிற்பவற்றுக்கும் உரியது. நஜீஸ் பட்ட நிலம் காய்ந்து, நிறமும் வாடையும் போய்விட்டால் அதன்மீது தொழலாம். சுருட்டி எடுத்து வைக்கும் பாய்க்கும் விரிப்புக்கும் துணிக்கும் அச்சட்டம் இல்லை. ஷாபிஈ மத்ஹபில் தரையே ஆனாலும் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். பள்ளிவாசலில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தபோது, அவரைக் கடிந்துகொள்ளாமல் அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது அவர்களுக்கு ஆதாரம். ஆகவே அந்தப் பாயைக் கழுவித்தான் ஆக வேண்டும், மாமியார் மத்ஹபிலும்தான்.

கழுவும் முறையிலும் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. நஜீஸ் பட்ட துணியை வாளித் தண்ணீரில் அப்படியே அமுக்கிவிடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்தை, அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டரை எட்டாத தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் தண்ணீரே நஜீஸாகிவிடும்; துணி சுத்தமாகாது. எனவே பொருளைத் தண்ணீரில் போடாதீர்கள், பொருளின்மேல் தண்ணீரை ஊற்றுங்கள். முதலில் ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிறம், வாடை நீங்கும்படித் தண்ணீரை ஓடவிட வேண்டும். ஹனபிகள் பிழிய இயலாத பாயை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டி நிற்கும்வரை விட்டுவைப்பார்கள். அப்படிச் செய்தால் ஷாபிஈகளின் நிபந்தனையும் உடன் நிறைவேறிவிடும். ஒரே கழுவலில் இருவரும் திருப்தி அடையலாம்.

பினாயிலை ஊற்றிவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணுவோரும் உண்டு. வாடையை வாடையால் மறைப்பது சுத்தமாகாது. அதோடு, பினாயில் வகைகளில் உள்ள பொருள் பூனைக்கு விஷம். பினாயில் ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் அதற்குத் தீங்கு. சோப்புத் தண்ணீரும் பிறகு நல்ல தண்ணீரும் போதும். வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்தைத் தேடி மீண்டும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிக்கட்டுக்கு வருவோம். ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காக நரக வேதனைக்கு ஆளானார் என்ற ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதை வைத்துப் பூனையைக் கதவுக்குள் அடைப்பதே பாவம் என்று சிலர் சொல்வது சரியன்று. அங்கே குற்றம் இரண்டு வழியையும் அடைத்தது. உணவு, தண்ணீர், கழிக்க இடம் மூன்றையும் வைத்து இரவில் ஓர் அறையில் அடைத்தால் குற்றமில்லை. மருமகள் செய்ததில் இந்த மூன்றும் இல்லை. வெளியில் விட்டதாக அவர் நினைக்கலாம். கீழ் வாசல் பூட்டியிருக்கும் மாடிக் குடியிருப்பில் படிக்கட்டும் ஓர் அடைப்புத்தான். மேலும், பக்கத்து வீட்டார் வாசல் அசுத்தமானது அண்டை வீட்டாருக்கு இழைத்த தீங்கு. அதைப் பூனை செய்தது என்று தப்பிக்க இயலாது. பூனைக்குக் கேள்வி கணக்கில்லை, வளர்ப்பவர்களுக்கு உண்டு.

அப்படியானால் இரவில் அது எங்கே படுப்பது? அம்மாவின் கால்மாட்டில் படுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. எட்டு ஆண்டுத் துணையை எதற்காகப் பறிக்க வேண்டும்? ஆனால் சமையலறையிலும், தொழும் மூலையிலும், கைக்குழந்தை படுக்கும் இடத்திலும் இரவில் அதற்கு வேலையில்லை. கடைசியில் சொன்னது சட்டமன்று, எச்சரிக்கை. பூனையைக் குறித்து நாயகம் (ஸல்) அவர்கள் ஆண்ட ‘சுற்றி வருபவர்கள்’ என்ற சொல், திருக்குர்ஆனில் நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில் வீட்டுப் பணியாட்களையும் சிறுவர்களையும் குறித்து வருகிறது. ஓயாமல் உள்ளே வந்துபோகிறவர்கள் என்பதால் அவர்களுக்குச் சலுகை உண்டு. அதே வசனம் சுபுஹுக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் அவர்களும் அனுமதி கேட்டே வரவேண்டும் என்று வரம்பு கட்டுகிறது. பூனை அனுமதி கேட்குமா என்று கேட்காதீர்கள்! சலுகை பெற்றவருக்கும் இரவில் ஓர் எல்லை உண்டு என்று நமக்குத் தோன்றிய ஒப்புமைதான் இது.

இரவில் பாத்திரங்களை மூடி, கதவுகளைச் சாத்தி, விளக்கை அணைக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பதையும் அங்கே காரணமாகக் கூறினார்கள். மூடி வைத்த பாத்திரத்தில் பூனை வாய் வைப்பதில்லை. சமையலறைச் சண்டையில் பாதி அதிலேயே தீரும்.

இடையில் ஒரு வார்த்தை. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்று ஒரு வாசகத்தை ஹதீதாக அம்மா சொல்வதாக மகன் எழுதியிருக்கிறார். அது ஹதீது அன்று, இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீதுக் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றிச் சட்டைக் கையை வெட்டிய சம்பவத்தையும் நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஏற்றிச் சொல்கிறார்கள். ஹதீது நூல்களில் அது இல்லை. அப்படி ஒரு நிகழ்ச்சி ஹிஜ்ரி 578-இல் மறைந்த ஸெய்யிது அஹ்மது ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூலில் சொல்லப்படுகிறது. தொழுது வந்தபின் வெட்டிய கையை அவர்களே சேர்த்துத் தைத்துக்கொண்டார்களாம். அன்புக்கு மெய்யான சான்றுகள் இருக்கும்போது பொய்யானவை எதற்கு?

கழிக்கும் இடம்தான் இந்த வீட்டின் மெய்யான தகராறு. கொல்லை போய்விட்டது, யாரும் வேறு இடம் கொடுக்கவில்லை. அகலமான பழைய பேசின் ஒன்றில் நான்கு விரற்கடை உயரத்திற்கு மணலோ மரத்தூளோ நிரப்பிக் குளியலறை ஓரத்தில் வையுங்கள். உணவுத் தட்டுக்கு அருகில் வைக்காதீர்கள், உண்ணும் இடத்தில் பூனை கழிக்க விரும்பாது. பழகும்வரை அதன் கழிவில் சிறிதை அந்த மணலில் போட்டு வைத்தால் வாடை பிடித்து வரும். மாலை உணவை மஃரிபோடு கொடுத்துவிட்டு, படுக்கும்முன் அதைத் தூக்கிவந்து பேசினில் விடுங்கள். இரவெல்லாம் குளியலறைக் கதவு திறந்திருக்கட்டும்.

அதைச் சுத்தம் செய்வது யார்? இங்கே மருமகளின் அச்சத்துக்கு இடம் தர வேண்டும். பூனையின் மலத்தால் பரவும் ஒரு கிருமி கர்ப்பத்தில் உள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை அம்மா, ‘என் பூனையை நோய் என்கிறாள்’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவர் சொன்னது உண்மை. பூனை பக்கத்தில் படுப்பதாலோ அதைத் தடவுவதாலோ அது தொற்றுவது அரிது. மலத்தின் வழியாகவே வருகிறது. வெளியான மலம் ஒன்று முதல் ஐந்து நாட்களில்தான் தொற்றும் நிலையை அடைகிறது. நாள்தோறும் அகற்றிவிட்டால் அபாயம் பெரிதும் குறையும். சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறிகளாலும் இதே கிருமி வரும், அதையும் கவனியுங்கள். எப்படியிருந்தாலும் கர்ப்பிணி அந்தப் பேசினைத் தொடக்கூடாது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் குனிய முடியாது என்று கடிதத்திலேயே இருக்கிறது. மிஞ்சுபவர் நான்கு பக்கம் எழுதிய மகன். சுபுஹுக்கு எழுந்ததும், ஒளுவுக்கு முன்பாக, அவர் அதைச் செய்யட்டும். இரு பெண்களுக்கும் நடுவில் நின்று ஹஜ்ரத்துக்குக் கடிதம் எழுதுவதைவிட இது சுலபம்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரரோடு மூன்று நாட்களுக்குமேல் பேசாதிருப்பது ஆகாது என்பது இந்த வீட்டுக்கும் பொருந்தும். பதினெட்டு என்பது மூன்றைத் தாண்டி வெகுதூரம்.

நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. மருமகள் சொன்னது மனத்தில் உறுத்தி, அம்மா அந்தப் பதினெட்டு நாள் பர்ளுகளையும், தொண்ணூறு வக்தையும், அறுபத்தெட்டு வயதில் உட்கார்ந்தபடியே களாத் தொழத் தொடங்கிவிட்டாராம். இதுவரை இருபத்திரண்டு ஆகியிருக்கிறது. கறை பட்டது பாயின் கிழிந்த முனையில் என்றும், அம்மா அந்த முனையை எப்போதும் கிப்லாப் பக்கம் தள்ளி விரிப்பார், நெற்றி வைக்கும் இடத்துக்கு அப்பால் அது கிடக்கும் என்றும் மகன் எழுதியிருக்கிறார். தொழுபவரின் உடலும் உடையும் படாத ஓரத்தில் நஜீஸ் இருந்தால், ஒரே பாயாக இருந்தாலும், தொழுகை இரு மத்ஹபுகளிலும் நிறைவேறிவிடும். எனவே அந்தத் தொண்ணூறும் நிறைவேறிவிட்டவை, களாத் தேவையில்லை. இதை அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். மருமகள் வாயால் சொல்லச் செய்தால் இன்னும் நல்லது.