ஹாலிவுட்டுக்கு வெளியே ஒரு கோடிப் பேர்

லாஸ் ஏஞ்சலஸ் என்றால் ஒரே நகரம், அதுவும் சினிமா நகரம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நகரத்தில் வசிப்பவர்கள் 39 லட்சம் பேர். அதையும் சேர்த்து 88 நகரங்கள் அடங்கியது, நம் ஊர் மாவட்டம் போன்ற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,00,14,009 பேர் இருந்தார்கள். அமெரிக்காவில் இத்தனை மக்கள் வாழும் கவுண்டி வேறு கிடையாது. அந்த மக்களின் பிழைப்பைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: அந்தப் பகுதிக்குச் சோறு போடுவது சினிமா.

சினிமா பெரிய தொழில்தான், மறுக்கவில்லை. 2022 வாக்கில் படத் தயாரிப்பு, ஒலிப்பதிவுத் துறையில் சுமார் 1.4 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபோது லைட்மேன், தச்சர், படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் என்று எல்லோருக்கும் வருமானம் நின்றது. ஆனால் மருத்துவம், சமூகப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அதிகம் பேருக்கு வேலை தரும் துறை அதுதான்.

அவர்களில் பெரும்பகுதியினர் டாக்டர்களோ நர்சுகளோ இல்லை; பலர் வீடுகளில் பராமரிப்பு வேலை செய்பவர்கள். வசதியற்ற முதியவர்களையும் ஊனமுற்றவர்களையும் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள கலிஃபோர்னியா அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, குளிப்பாட்ட இவ்வளவு நேரம், சமைக்க இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு என்று கணக்கிட்டு மணி நேரம் ஒதுக்குகிறார். அந்த நேரத்துக்குத்தான் கூலி. பல வீடுகளில் அந்தக் கூலியைப் பெறுபவர் பெற்ற மகள்தான். இவர்களுக்கு முதலாளி யார், அரசா, கவுண்டியா, படுக்கையில் கிடக்கும் அம்மாவா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காததால் பல ஆண்டுகள் இவர்களால் சங்கம் அமைக்க முடியவில்லை. சட்டப்படி முதலாளியாக நிற்க ஒரு பொது அமைப்பு உருவான பிறகு, 1999-ல் 74,000 பராமரிப்பாளர்கள் ஒரே தேர்தலில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் பல பத்தாண்டுகளாக அப்படியொரு வெற்றி கிடைத்ததில்லை. இந்தக் கவுண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய கதை இது என்பேன்.

நம்பிக்கை: தொழிற்சாலைகள் எல்லாம் சீனாவுக்குப் போய்விட்டன.

நிறையப் போனது உண்மை. இருந்தும் சுமார் 3 லட்சம் பேர் இன்னும் உற்பத்தித் துறையில் இருக்கிறார்கள். வெர்னன் என்ற நகரத்தைப் பாருங்கள். 2020-ல் அதன் மக்கள்தொகை வெறும் 222. தெருவுக்குத் தெரு குளிர்பதனக் கிடங்கு, இறைச்சி ஆலை, தையல் கூடம். காலையில் பல்லாயிரம் பேர் வேலைக்கு வந்து மாலையில் வேறு ஊர்களுக்குத் திரும்புகிறார்கள்.

தையல் வேலை நிலைத்திருப்பதை மட்டும் நினைத்து மகிழ்ந்துவிட முடியாது. அளவு எடுத்து, வெட்டி, தைத்து உடனே கடைக்கு அனுப்ப உள்ளூரிலேயே ஆள் வேண்டும். அதனால்தான் அது அங்கே நிற்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் வழக்கத்தை 2022 தொடக்கம் முதல் மாநிலச் சட்டம் தடுத்தது. இருந்தும் அதே ஆண்டு தெற்குக் கலிஃபோர்னியாவில் சோதனை நடத்திய மத்தியத் தொழிலாளர் துறை, ஓர் ஒப்பந்தக்காரர் மணிக்கு 1.58 டாலர்தான் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தது.

நம்பிக்கை: இப்படிப்பட்ட மாநகரப் பகுதிகளில் கூட்டம் பெருகிக்கொண்டேதான் போகும்.

2020-க்குப் பிறகு மக்கள்தொகை ஒரு கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. 1990-ல் ஆண்டுக்கு 2 லட்சம் குழந்தைகள் பிறந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ பாதிதான். வாடகை கட்ட முடியாதவர்கள் கிழக்கே ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ கவுண்டிகளுக்கும் டெக்சாஸ், நெவாடா மாநிலங்களுக்கும் குடிபெயர்கிறார்கள்.

நம்பிக்கை: தெருவில் கிடப்பவர்கள் வெயில் நன்றாக இருக்கிறதே என்று வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

மிகவும் கொடுமையான நம்பிக்கை இதுதான். 2023 கணக்கெடுப்பில் கவுண்டியில் 75,518 பேர் வீடற்றிருந்தார்கள். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதும் நடத்திய ஆய்வை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீட்டை இழந்தது கலிஃபோர்னியாவில்தான். நான்கில் மூன்று பேர் இப்போது இருக்கும் அதே கவுண்டியில்தான் இழந்திருந்தார்கள். வீடு போவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர்களில் பாதிப் பேருக்குக் குடும்பத்தின் மாத வருமானம் 960 டாலரைத் தாண்டவில்லை. மாதம் 300 முதல் 500 டாலர் வாடகை உதவி கிடைத்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க மாட்டோம் என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள்.