க்யூ கோலின் நுனித்தோலுக்கு ஏற்ற பசை

ஸ்நூக்கர், பூல் ஆகிய மேசைப் பந்தாட்டங்களில், க்யூ எனப்படும் கோலின் முனையைக் காக்கும் பூணின்மேல் ஒட்டப்பட்டுள்ள தோல் வில்லையே பந்தைத் தொடும் பகுதியாதலால், அதன் பிடிப்பு தளர்ந்தால் குறியும் தவறும்.

● முதல் தேர்வு: சயனோஅக்ரிலேட் என்னும் உடனொட்டுப் பசையில் நீர்போன்ற வகை தோலுக்குள் ஊறி அதை விறைக்கச் செய்யும், கூழ் வகையோ மேற்பரப்பிலேயே தங்கி, வில்லையை நடுவில் நிறுத்தச் சற்று அவகாசமும் தருவதால், அதுவே சிறந்தது.

● ஈரக் காற்று: இப்பசை காற்றிலுள்ள ஈரத்தாலேயே இறுகுவது, ஆகவே தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நாகர்கோவிலில், அது விரைந்து பிடிப்பதோடு, திறந்த குழாயில் விரைவில் கெட்டும் போகுமாதலால், சிறிய குழாய்களை வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நன்று.

● மாற்றுப் பசை: பிசினையும் அதை இறுகச்செய்யும் கூறையும் கலந்து பயன்படுத்தும் அரால்டைட் போன்ற எப்பாக்சி, சமமற்ற பரப்புகளின் நுண்ணிடைவெளிகளை நிரப்பி உறுதியாகப் பிடிக்குமெனினும், சாதாரண வகை முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படும்.

● தவிர்க்க வேண்டியது: தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீரை மரம் உறிஞ்சுவதால் இறுகுவதாகையால், பித்தளைப் பூணில் உறுதியாக நிற்காது.

● ஒட்டும் முறை: பழைய பசையை முற்றிலும் சுரண்டி, பூணையும் தோலின் அடிப்புறத்தையும் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, தூசியும் எண்ணெய்ப் பசையும் நீங்கத் துடைத்து உலர்த்திய பின், ஒரு சிறு துளியிட்டு நேராக அழுத்த வேண்டும்.

எந்தப் பசையாயினும், பரப்பு தூய்மையாகவும் சமமாகவும் இராவிடில் ஒட்டு நிலைக்காது.