தூக்குக் கொட்டடிக்குக் கடிதம் எழுத வரும் பிள்ளைகளுக்கு

பூன் லேயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆறு ஆண்டுகள், ஓர் அம்மா சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருவார். தமிழ் பேசுவார், எழுத வராது. மகன் சாங்கிச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. பிறகு அவனுக்கு நானும் என் பெயரில் எழுதத் தொடங்கினேன். இப்போது நீங்கள் சிலர் வந்து, "நாங்களும் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். எழுதுங்கள். அதற்கு முன் நான் கற்றுக்கொண்டதைக் கேளுங்கள்.

1. பெயரைப் பாருங்கள்.
15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் இங்கே சிங்கப்பூரில் மரண தண்டனை. 42.72 கிராமுக்காக 2009இல் பிடிபட்ட நாகேந்திரன், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு தங்கராஜு, ஒரு கிலோ அளவு கஞ்சாவுக்காக. 2025இல் தட்சிணாமூர்த்தி, பன்னீர் செல்வம். எல்லாம் நம் வீட்டுப் பெயர்கள். போதைப்பொருளால் சீரழிந்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். என்றாலும் எவரையும் தூக்கிலிடக் கூடாது என்பதுதான் என் நிலை. அந்த வாதத்தைக் கடிதத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் எழுதுவது ஒரு மனிதருக்கு.

2. குடும்பத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
சிறைக்கு விதிகள் உண்டு. கைதிக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. அம்மாவோ அக்காளோ அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு எழுதுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவன் கையில் மிச்சமிருக்கும் சில உரிமைகளில் அதுவும் ஒன்று.

3. வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.
உங்கள் கடிதத்தை அதிகாரிகள் படிப்பார்கள். கைதிகள் 13 பேரின் கடிதங்களைச் சிறைத் துறை அவர்கள் சம்மதம் இல்லாமல் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்குக் கொடுத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரண தண்டனைக் கைதிகளே தொடுத்து வென்ற வழக்கு அது. உங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது. அவன் எழுதியது அவனுடையது. அவன் கேட்டுக்கொள்ளாமல் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். பன்னீர் செல்வம் உள்ளிருந்து எழுதிய பாட்டுகள் வெளியே பாடப்பட்டன. அவர் விரும்பினார், பாடினார்கள். விருப்பம்தான் முதலில்.

4. தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்.
முதல் நாள் நான் வழக்கம்போல் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அதெல்லாம் வேண்டாம் டீச்சர். சாப்பிட்டியான்னு எழுதுங்க." ஜெயிலில் இருக்கும் பையனிடம் இதையா கேட்பது என்று எனக்குத் தயக்கம். எழுதினேன். பதிலில் முக்கால் பக்கத்துக்கு அன்றைய சாப்பாடு: சோறு எப்படி வெந்திருந்தது, முட்டை எந்தக் கிழமை, எதை மிச்சம் வைத்தான். அதுவரை அவனிடம் எல்லாரும் கேட்டது மேல்முறையீட்டைப் பற்றி. அம்மாதான் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டார்.

5. ஊரைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.
பூன் லே உணவங்காடியில் நாசி லெமாக் வரிசை எவ்வளவு நீளம், மழை எந்தப் பக்கம் சாய்ந்து அடித்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி யாரோடு சண்டை என்று எழுதுங்கள். ஒருமுறை அவன், அம்மா தன்னைப் பார்க்க எப்படி வருகிறார் என்று கேட்டிருந்தான். நான் எம்ஆர்டி நிலையங்களை வரிசையாக எழுதினேன்: பூன் லே, லேக்சைட், சைனீஸ் கார்டன், ஜூரோங் ஈஸ்ட் என்று தானா மேரா வரை 24 நிலையம்; பிறகு 2ஆம் எண் பேருந்து. அடுத்த கடிதத்தில் எழுதினான்: "அம்மா வரும் நாளில் காலையிலேயே எண்ணத் தொடங்கிவிடுகிறேன் டீச்சர். இப்போது சிட்டி ஹால் தாண்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்."

6. வாக்குக் கொடுக்காதீர்கள், விடையும் கொடுக்காதீர்கள்.
"நிச்சயம் வெளியே வருவாய்" என்று எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. "போய் வா" என்று எழுதவும் இல்லை. கோபி அவேடியனின் மரண தண்டனை 2020 அக்டோபரில் ரத்தாகி, 15 ஆண்டுச் சிறையானது. பன்னீர் செல்வத்துக்கு 2019 மே மாதம் நாள் குறித்தார்கள், நின்றது. 2025 பிப்ரவரியில் குறித்தார்கள், நின்றது. அக்டோபர் 8 அன்று நிற்கவில்லை. இரண்டையும் பார்த்தவர்கள் நாம். இன்றைக்கு எழுத வேண்டியதை இன்றைக்கு எழுதுவோம்.

7. நிறுத்திவிடாதீர்கள்.
முதல் மாதம் நாலு கடிதம், பிறகு ஓராண்டு மௌனம் என்றால் தொடங்கவே வேண்டாம். என்னவோ தப்பாக எழுதிவிட்டோம் என்று அவன் தன்னையே குடைந்துகொள்வான். மாதத்துக்கு ஒன்று, ஒரே கிழமையில், அது போதும். காத்திருப்பு நீளலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991இல் கைதானபோது வயது 19. 2022 மே 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்ததே 2014இல்தான். அத்தனை ஆண்டும் அவருடைய அம்மா அற்புதம்மாள் சிறை வாசலுக்கு நடந்தார். பிரிட்டனில் 1988இல் தொடங்கிய 'லைஃப்லைன்ஸ்' அமைப்பினர், கடல் தாண்டி அமெரிக்க மரண தண்டனைக் கைதிகளுக்கு இன்றும் எழுதுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கே அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா?

8. நோட்டீஸ் வந்த பிறகும் அதே கையெழுத்தில் எழுதுங்கள்.
தூக்கு நாளுக்குச் சில நாள் முன்னதாகக் குடும்பத்துக்குத் தகவல் வரும். தினமும் பார்க்க விடுவார்கள். குடும்பம் வாங்கித் தரும் புது உடையில் அவனைப் படம் எடுத்துத் தருவார்கள். அந்தச் சட்டையை வாங்க அந்த அம்மாவோடு நானும் போனேன். அளவு தெரியாமல், கடைப் பையனைத் திருப்பி நிற்கச் சொல்லித் தோளில் வைத்துப் பார்த்தார். அன்றிரவு அவர் சொன்ன கடிதமும் "சாப்பிட்டியா" என்றுதான் தொடங்கியது. தத்துவம் தேடாதீர்கள். பழகிய குரலை அந்த வாரத்தில் மாற்றக் கூடாது.

9. பிறகு அம்மாவுக்கு எழுதுங்கள்.
அவனுடைய பொருள்களோடு எங்கள் கடிதங்களும் திரும்பி வந்தன. நிலையங்களின் பட்டியல் இருந்த தாள், மடிப்பில் நாலு துண்டாகக் கிழிந்திருந்தது. சாவுக்கு வந்த கூட்டம் பதினாறு நாளில் கலைந்துவிடும். அந்த அம்மா அதற்கப்புறமும் இருப்பார். அதனால் எனக்கு எழுதும் வேலை முடியவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அதே மேசையில் உட்கார்ந்து ஜொகூருக்கு எழுதுகிறேன். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டுகிறாள். முதல் வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: சாப்பிட்டீங்களாம்மா?