யாருடைய முழம்?

அன்புள்ள தம்பிக்கு,

வழியைச் சொல்லித் தராமல் கணக்கை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் திணறிவிட மாட்டார்களா என்று கேட்டிருந்தாய். திணறட்டும். திணறுவதற்குத்தானே பாடவேளை!

எனக்கு எரிச்சல் வேறொன்றில். வகுத்தலைக் கரும்பலகையில் நடத்தி முடித்துவிட்டு, 'ராமு 20 மாம்பழம் வாங்கினான்' என்று கடைசியில் ஒரு கதையை ஒட்டி, இதுதான் பிரச்சினை வழிக் கற்றல் என்கிறார்கள். இல்லவே இல்லை. கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1969-ல் இம்முறையைத் தொடங்கியபோது நோயாளியின் தொல்லையைத்தான் முதலில் வைத்தார்கள். பாடம் அதற்குப் பின்னால் வந்தது.

பெங்களூரில் இருக்கிறாய், கே.ஆர். மார்க்கெட் பூக்கடையிலிருந்து தொடங்கு. 'அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலுக்கு 6 மீட்டர் மல்லிகைச்சரம் வேண்டும். எத்தனை முழம் கேட்பது?' நாலாம் வகுப்பில் இதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. யாருடைய முழம் என்று ஏதாவதொரு பிள்ளை கேட்கும். உடனே ஆளாளுக்குக் கையை நீட்டி அளப்பார்கள். ஒருத்திக்கு 33 சென்டிமீட்டர், பக்கத்தில் இருப்பவனுக்கு 36. அளவுக்கு ஏன் பொது அலகு வேண்டும் என்று நீ விளக்க வேண்டியதே இல்லை. பூக்காரம்மாவின் முழம் 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். 14 முழத்துக்கு 588 வரும், 12 குறைகிறது. 14 கேட்பதா, 15 கேட்பதா? நோட்டில் 'மீதி 12' என்று எழுதினால் முழு மதிப்பெண். கோயில் வாசலிலோ சரம் எட்டாது. மீதியைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கன்னடம் பேசும் பிள்ளை 'மாரு' என்று ஆரம்பித்தால் தடுக்காதே. இரண்டு கையையும் விரித்து, ஒரு மாருக்கு எத்தனை முழம் என்று அளந்து பார்க்கட்டும்.

காரிநாயனாரின் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தை நான் அடிக்கடி புரட்டுவேன். பலாவை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி அதில் உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். அதை மனப்பாடம் செய்விக்காதே! பழத்தைக் கொண்டுவந்து, எண்ணிக் கணக்கிட்டு, பிறகு அறுத்துப் பார்க்கச் சொல். பொருந்தாவிட்டால் ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.

அக்ஷரா அறக்கட்டளை கர்நாடக அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்த கணிதப் பெட்டி உன் பள்ளியிலும் இருந்தால் பீரோவில் பூட்டி வைக்காதே. ஆனால் முதலில் கேள்வி, அப்புறம்தான் பெட்டி.

பூக்கணக்கை நடத்திவிட்டு எனக்கு எழுது. சரியான விடை வேண்டாம். பிள்ளைகள் சொன்ன தப்பான விடைகளை, அவர்கள் சொன்ன காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்