எழுதித் தரும் இயந்திரமும் நம் பிள்ளைகளின் மேற்படிப்பும்

புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் வணிகம் நடத்தி வரும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், ஆயர் குரோவிலும் டுரியான் துங்கலிலும் உள்ள பல்கலைக் கழகங்களில் மேற்படிப்புப் படிக்கின்றனர். கட்டணம் கட்டும் நாம், ஆய்வேடு எவ்வாறு எழுதப்படுகிறது என்று கேட்பதில்லை. கேட்டாலும் விளங்காது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த விஷயம் வியாபாரிகளாகிய நமக்கு நன்றாக விளங்கக் கூடியதேயாகும்.

2022 நவம்பர் 30-ல் சேட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவுப் பொறி பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. கேட்ட கேள்விக்குக் கட்டுரையாகவே பதில் எழுதித் தரும். இதைப் பற்றி மாணவர்களின் மனம் ஒரு நிலையில் இல்லை. ஆங்கிலப் பிழை திருத்திக்கொள்வதில் தவறில்லை என்கிறார்கள். கருத்தையே வாங்கி எழுதுவது களவு என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆயினும், பயன்படுத்தியதை மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். ஒரு பேராசிரியர் அனுமதிக்கிறார், மற்றவர் கண்டிக்கிறார். பிள்ளை என்ன செய்யும்? தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, மலாயில் படித்து, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டியவருக்கு இது எத்தகைய துணை என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தப் பொறி, பேரேட்டைப் புரட்டித் தொகை சொல்லும் கணக்கப்பிள்ளையைப் போன்றதன்று. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது. ஆகவே இல்லாத நூலையும் உண்டென்று காட்டிவிடும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இருக்கும், நூல்தான் இராது! இது காட்டிய, நடவாத வழக்குகளை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியதற்காக 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இன்னொரு சங்கடம், பொறியைத் தொடாத பிள்ளைக்கும் வரக்கூடியது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் வசதியை டர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் கொண்டுவந்தது. அவ்வாண்டே ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, இத்தகைய வேறு ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்! நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அப்படிப்பட்டதுதானே?

வருமான வரிக்காக நாம் ஏழாண்டு ரசீதுகளைக் கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளும் முதல் வரைவிலிருந்து திருத்திய ஒவ்வொரு படியையும் தேதியோடு வைத்திருக்க வேண்டும். பொறியிடம் கேட்டதையும் அது தந்ததையும் கூடத்தான். மேற்கோள் காட்டும் நூலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதலாகாது.

மலேசியத் தகுதி முகவகம் 2023-ல் விடுத்த ஆலோசனைக் குறிப்பு இப்பொறிகளுக்குத் தடை விதிக்கவில்லை. நேர்மையோடு கையாளச் சொல்கிறது. எதுவரை கூடும் என்பது அந்தந்தப் பல்கலைக் கழகத்தின் விதியைப் பொறுத்தது. ஆய்வேடு முடிந்த பின் விசாரிப்பதில் பயனில்லை. தொடங்கும்போதே மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவர் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி இந்த வாரமே பிள்ளையிடம் சொல்லுங்கள்.